பாதியில் எழுந்துபோன படம்

பிழைக்க வந்த அந்நிய நகரத்தில், வியா மக்வேதா வீதியில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். நான் பராமரித்த கிழவர் இறந்துவிட்டார். அந்த வீட்டில் இனி எனக்கு வேலையில்லை. அல்பெர்கேரியாப் பகுதியில், நண்பன் செல்வத்தின் அறைக்குத் திரும்பும் சந்தில், ஒரு சன்னலிலிருந்து குதிரைக் குளம்புகளும் துவக்குச் சத்தமும் கேட்டன. தொலைக்காட்சியில் பழைய கௌபாய் படம்.

வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய எங்களுக்கும் ஒருமுறை அப்படியொரு படம் காட்டினார்கள். ஜெனரேட்டர் புகை மணக்க, சாக்கு விரித்து இருந்து பார்த்தோம். பெரிய மாட்டுப்பண்ணைக் குடும்பம் ஒன்று குடியேறியவர்களின் வேலியை அறுத்து மாடுகளை உள்ளே விட்டது. பண்ணைக்காரரின் மகன்தான் கதாநாயகன் என்பதால் எல்லோரும் விசிலடித்தார்கள். அப்பா மட்டும் எழுந்தார்.

“வாடா, போவம்.”

“படம் முடியேல்லை, அப்பா.”

“விசரா, அவன் அறுக்கிறது எங்கடை வேலியடா.”

பின்னால் இருந்தவர், “அண்ணை, மறைக்காமல் இருங்கோ. உங்கடை வேலி வீட்டிலை பத்திரமாய்க் கிடக்கு” என்றார். சனம் சிரித்தது.

அடுத்த போகத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவரின் மாட்டுப்பட்டி எங்கள் நெல்லை மேய்ந்தது. நியாயம் கேட்க அப்பா தனியாகத்தான் போனார். விசிலடித்தவர்களில் ஒருவரும் கூட வரவில்லை. நியாயம் கிடைக்காமல், வேலிக்கட்டைகளைப் பிடுங்கி விறகாக விற்றுவிட்டு நாங்கள் வெளியேறினோம். அதன்பின் நான் எங்கும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை.

அறைக்குப் போனதும் செல்வத்திடம் வேலை விசாரித்தேன்.

“போர்கோ வெக்கியோவிலை ஒரு குதிரை லாயம் இருக்கு. நாத்தம் தாங்காமல் எல்லாரும் ஓடுறாங்கள். நீயாவது நிப்பியோ?”

“ஓம், நிப்பன்.”

மறுநாள் காலை, சுற்றுலாக்காரரின் வண்டி இழுக்கும் குதிரைகளின் லத்தியை அள்ளத் தொடங்கினேன்.