சாளைக்கு எண்ணெய்

குலசேகரன்பட்டினக் கடற்கரையில் காலணாவுக்குத் துண்டு நிறையச் சாளை கிடைக்கிறது. வண்டி கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது. மீன் விற்றவளின் குடிசை பக்கத்தில்தான். வழிக்கென்று கொண்டுவந்த தேங்காயெண்ணெய்ப் புட்டியையும் அவளிடமே கொடுத்து, பொரித்துத் தரச் சொல்கிறேன். மீனை அலசி, உப்பும் மிளகாயும் புரட்டி வைக்கிறாள். கையைக் கழுவிவிட்டு, என் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தலையில் தேய்த்துக்கொள்கிறாள்.

“ஏம்மா, அது மீனுக்கு!”

“சாளைக்கு எதுக்கு எண்ணெய், அண்ணாச்சி? பேசாம பாருங்க.”

காய்ந்த மண்சட்டியில் போட்ட சாளை தன் கொழுப்பிலேயே சடசடவென்று பொரிகிறது. முள்ளைக்கூட மிச்சம் வைக்காமல் தின்கிறேன்.

நான் வண்டி ஏறும்போது, மினுமினுக்கும் கூந்தலை முடிந்தபடியே சொல்கிறாள்: “திரும்பி வாறப்பவும் இங்கனயே வாங்க. எண்ணெயை மறந்திராதிய.”