பூஜ்ஜியம் வராத மூன்று நாள்

தெப்ராவில் இரண்டு டேட்டா சென்டர்களுக்கு நடுவே கண்ணாடி இழை கேபிள் போட்டிருந்தோம். அதைச் சோதித்து அறிக்கை கொடுப்பது என் வேலை. என் மெஷின் கோடிக்கணக்கான ஒன்றுகளையும் சுழிகளையும் ஒளியாக அனுப்பும். மறுமுனையில் இழையை மடக்கித் திருப்பி விட்டிருப்போம். போனது போனபடியே வருகிறதா என்று மெஷின் ஒப்பிட்டுப் பார்க்கும். மாறி வந்த ஒவ்வொன்றும் ஒரு பிழை. முழுநாள் ஓட்டியும் பிழை பூஜ்ஜியம் என்றால்தான் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவார்.

பூஜ்ஜியம் வரவில்லை. ஆரம்பித்த ஒரு மணி நேரத்திலேயே திரையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

இழைத் துண்டுகளை முனையோடு முனை உருக்கி ஒட்டியவர் ஓர் அக்கா. சிம்பாங் ரெங்கம் ஊர்க்காரர். பல வருடம் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்து, அலுத்துப்போய் எங்களிடம் சேர்ந்திருந்தார். அவருடைய புரபேஷன் முடிய ஒரே வாரம் இருந்தது. ஒட்டுதான் சரியில்லை என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். நானும் தலையாட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மெஷின் பொய் சொல்லாது என்று வேறு பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவைத்தேன்.

அக்கா உடனே கருவியை எடுத்தார். எல்லா ஒட்டுகளையும் வெட்டி மறுபடி ஒட்டினார். பிழை குறையவில்லை. மறுநாள் இன்னொரு தடவை ஒட்டினார், அப்போதும் அதே கதை. மூன்றாம் நாள் மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மாலைக்குள் அறிக்கை வேண்டும், அந்த அம்மாவை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அதைப் பார்த்துத்தான் சொல்லப்போகிறேன் என்றார்.

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு. மெஷினைத் தனியாகச் சோதித்தீர்களா என்று கேட்கும். மெஷினின் வெளிவாசலையும் உள்வாசலையும் ஒரு குட்டை இழையால் இணைத்துப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிட வேலை. நான் செய்யாமலேயே 'ஆம்' என்று எழுதிப் பழகியவன். ஒருவருடைய சோற்றில் கைவைக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இணைத்துப் பார்த்தேன். அக்கா ஒட்டிய கேபிளே நடுவில் இல்லை, பிழை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

வாசலுக்குள் நுண்நோக்கியை வைத்துப் பார்த்தால் சாம்பல் துகள்கள். முந்தைய வாரம் ஸ்டோரில் ஆயுத பூஜை நடந்தது. கருவிகளை வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, விபூதிப் பட்டை போட்டவன் நான்தான். என் மெஷினுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகப் பூசினேன். வாசல் மூடி கழன்று கிடந்ததைக் கவனிக்கவில்லை.

துடைத்துச் சுத்தம் செய்து, மேனேஜரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என்னை நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, ஒருநாள் அவகாசம் கொடுத்தார். கேபிளை இணைத்து ஓட்டினேன். மறுநாள் மாலை வரை பூஜ்ஜியம் அசையவே இல்லை. நாற்காலியில் சாய்ந்தபோதுதான் எவ்வளவு பயந்திருந்தேன் என்று தெரிந்தது. மேனேஜர் அங்கேயே அக்காவுக்கு வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்.

அக்காவிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். விபூதி விஷயத்தைக் கேட்டதும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு துடைத்துக்கொண்டு சொன்னார்.

"வேலை போனாக்கூட வேற பார்த்துக்கலாம் தம்பி. இந்த மூணு நாளா என் கைக்கு ஒட்டத் தெரியலையேன்னுதான் அழுதுகிட்டு இருந்தேன்."