ஹிலால் என்ற பெயர் யாருக்கு

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் பைக் சீட் தைக்கும் கடை வைத்திருக்கிறாள் ஷம்ஷாத். ஐம்பதைத் தாண்டியவள். கணவர் தவறிய பிறகு தையல் மெஷினில் உட்கார்ந்தவள், இப்போது மூன்று தையல்காரர்களை வைத்து வேலை வாங்குகிறாள். வானகரத்தில் இரண்டாவது கடைக்கும் இடம் பிடித்தாகிவிட்டது. பலகையில் 'ஹிலால் சீட் ஒர்க்ஸ்' என்று எழுத வேண்டும். தகராறு அங்கேதான் வந்தது.

ஹிலால் என்பது அவள் தாத்தா இஸ்மாயில் காலத்துக் கடையின் பெயர். இதே பூந்தமல்லியில் ஜட்கா குதிரைகளுக்கும் பட்டாளத்துக் குதிரைகளுக்கும் சேணம் தைத்த கடை. இஸ்மாயிலின் அண்ணன் யாகூப். யாகூபின் பேரன் ஷவுகத் அலி தெருமுனையில் பை கடை நடத்துகிறார். விஷயம் காதில் விழுந்ததும் நேரே வந்துவிட்டார்.

"அந்தப் பேரு எங்களுது ஷம்ஷாத். எங்க தாத்தா முதலாளி. உங்க தாத்தா கூலிக்குத் தெச்சவரு. ஊருக்கே தெரியும்."

"ஊருன்னா நீங்க மட்டுந்தானே அண்ணே?"

"சேணத்துக்கும் பைக் சீட்டுக்கும் இன்னா சம்பந்தம்னு கேக்குறேன்."

"குதிரை போச்சு, பைக்கு வந்துச்சு. குந்துற ஆளு அதே ஆளுதாண்ணே."

"வெள்ளிக்கிழமை ஜமாத்துல வெச்சுப் பேசிக்கலாம். அதுவரைக்கும் பலகை மாட்டாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜமாத்தில் சத்தமாகப் பேசுகிறவர் பக்கம் காற்று அடிக்கும் என்பது ஷம்ஷாத்துக்குத் தெரியும். ஷவுகத் அலிக்கு நல்ல குரல். அவளுக்கு அச்சடித்த சாட்சி வேண்டியிருந்தது. சீட் மாற்ற வந்த கலியமூர்த்தி, ஆவடி டேங்க் பேக்டரியில் ஓய்வு பெற்றவர், வழி சொன்னார்: "பழைய வியாபார டைரக்டரின்னு இருக்கும்மா. ஊர்வாரியா கடைப் பேரு, முதலாளி பேரு எல்லாம் போட்டிருப்பான். எழும்பூர் லைப்ரரில கேட்டுப் பாருங்க."

போனாள். பொடியாக உதிரும் தடித்த புத்தகங்கள், முழுக்க இங்கிலீஷ். பத்தாவது படித்தவள், பெயர்களைப் படிக்க அது போதும். மெட்ராஸ் பக்கங்களில் சேணக்காரர்கள் பெரியமேடு, மவுண்ட் ரோடு என்று வரிசையாக இருந்தார்கள். ஹிலால் இல்லை. வேறு வேறு வருஷத்துப் புத்தகங்களிலும் இல்லை.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவளுக்குத் தன் பள்ளிச் சான்றிதழ் ஞாபகம் வந்தது. அதில் பூந்தமல்லி, செங்கல்பட்டு மாவட்டம் என்றுதான் இருக்கும். அவள் பிறந்த காலத்திலேயே அப்படியென்றால் தாத்தா காலத்தில் இந்த ஊரை மெட்ராஸில் எவன் சேர்த்திருப்பான்?

மறுநாள் வெளியூர்ப் பகுதியைப் புரட்டினாள். செங்கல்பட்டு ஜில்லா. பூந்தமல்லி. அரிசி வியாபாரிகள், தோல் வியாபாரிகள், அதற்குக் கீழே: ஹிலால் சேடிலரி ஒர்க்ஸ், உரிமையாளர்கள் எம். யாகூப், எம். இஸ்மாயில்.

அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைவரை பொத்தி வைத்திருந்து சபையில் காட்டியிருக்கலாம். சொந்தக்காரரைச் சபையில் தலைகுனிய வைப்பதில் அவளுக்கு லாபமில்லை. பெயர் கிடைத்தால் போதும். நேராகப் பை கடைக்குப் போய் போனை நீட்டினாள்.

ஷவுகத் அலி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார்.

"அப்போ எங்க தாத்தா முதலாளி இல்லியா?"

"பாதி முதலாளி. வாய் மட்டும் முழுசு போல கீது. அது உங்களுக்கும் வந்துட்ச்சு."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை.

"சரி, நீ வானகரத்துல வெச்சுக்கோ. நாளைக்கு என் பையன் இங்க அதே பேர்ல எதுனா தொறந்தா குறுக்க வரக் கூடாது."

"தாராளமா வெக்கட்டும். சீட் மட்டும் தெக்கக் கூடாது."

"ஜமாத்துல நானே சொல்லிடறேன். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பு."

அனுப்பினாள். அன்று சாயங்காலமே குடும்பத்து வாட்ஸப் குழுவில் அந்தப் படம் வந்தது. 'மிகவும் சிரமப்பட்டுத் தேடிக் கண்டுபிடித்தது' என்று கீழே ஷவுகத் அலி எழுதியிருந்தார். துபாயிலிருந்தும் வேலூரிலிருந்தும் அவருக்குப் பாராட்டுகள் குவிந்தன.

ஷம்ஷாத்தும் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு, பலகை எழுதுகிறவருக்கு போன் செய்தாள்.