கைபிடி வைத்த துவக்கு

மகள் துவக்கு வாங்கப் போகிறாள் என்று சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அப்ப பொம்பிளை பாக்க வாற ஆக்களுக்குக் கெல்லரையும் காட்டவேணுமோ?" என்பதுதான். வீட்டுக்கு அடியில் இருக்கும் அறையை இங்கே நாங்கள் எல்லோரும் கெல்லர் என்றுதான் சொல்வோம். எங்கள் கெல்லரில் அரிசி மூட்டையும் பழைய தையல் மெசினும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இனி அவற்றோடு ஓர் இரும்புப் பெட்டகமும் இருக்கும்.

ஆட்கள் சொல்லுகிற கதைகளைப் பொறுக்கி வைப்பது என் பழக்கம். மனைவியின் அந்தக் கேள்வியையும் அன்றே பொறுக்கி வைத்தேன். நான் பதில் சொல்லாமல் சிரித்ததற்கு வேறு காரணம் இருந்தது. அதை அவளுக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை.

மகளுக்கு இருபத்தொன்பது வயது. பல் வைத்தியர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் இடத்தில் வேலை. நாள் முழுக்க அரிசிமணி அளவான ஒன்றை மூச்சை அடக்கிக்கொண்டு தேய்க்கிறவள். கூட வேலை செய்யும் ஒருத்திதான் அவளை எங்கள் சிறு பட்டினத்துக் குறிபார்த்துச் சுடும் சங்கத்துக்கு ஒருநாள் கூட்டிப் போனாள். மகள் திரும்பி வந்து ஒரு கடதாசியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். நடுவில் ஐந்து ஓட்டைகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. "இதென்ன, எலி கடிச்சதோ?" என்றாள் தாய். அந்தக் கேள்வியையும் பொறுக்கி வைத்தேன்.

அதன் பிறகு பயிற்சி, சோதனை, அலுவலகத்தில் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம், அதற்கு மேல் இன்னோர் அன்ட்ராக். இந்த நாட்டில் ஒருவர் துவக்கு வைத்திருப்பதற்குள் அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிடுவார்கள் போலிருந்தது. எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. கடைசியில், துண்டு துண்டாகத் தெரிந்தெடுத்துத் தனக்கென்றே ஒன்று பொருத்துவிக்க முடிவெடுத்தாள். எல்லாம் தீர்மானமாகி இரண்டு விஷயங்கள் மட்டும் மிச்சமிருந்தன. ஒன்று மேற்கூடு, மற்றது குறிபார்க்கிற இரும்பு.

அவளுடைய கார் திருத்தப் போயிருந்ததால் நான்தான் கொண்டு போனேன்.

"அப்பா, நீங்கள் காருக்குள்ள இருங்கோவன். அரை மணித்தியாலந்தான்."

"கார் குளிருது பிள்ளை. நானும் வாறன்."

துவக்குச் செய்கிறவர் ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மேசையில் ஒரு பச்சைத் துணியை விரித்து, இரண்டு மேற்கூடுகளை வைத்தார். பார்ப்பதற்கு வெறும் அலுமினியக் கூடுகள். குழல் வந்து பொருந்துவதும் இதில்தான், குறிபார்க்கிற இரும்பு ஏறுவதும் இதில்தான்.

மகள் எனக்கு விளங்கப்படுத்தினாள். அவள் சுடுகிற போட்டியில் தொலைநோக்கி வைக்கக்கூடாது. கண்ணுக்குக் கிட்ட ஒரு சிறு துளை, குழலின் நுனிப்பக்கம் ஒரு முள், அவ்வளவுதான். ஒரு கூட்டின் மேற்புறம் தட்டை. அதில் மடித்து விரிக்கிற குறியைப் பூட்டலாம், கழற்றலாம். மற்றதன் மேல் சூட்கேஸ் கைபிடி மாதிரி ஒன்று கூட்டோடு சேர்த்தே வார்த்திருந்தது. துளை அந்தக் கைபிடிக்குள் இருந்தது. அது கழறாது, இடித்தாலும் இலகுவில் அசையாது.

மகள் இரண்டையும் தூக்கிப் பார்த்தாள், வைத்தாள், திரும்பவும் தூக்கினாள். "என் புருஷனைத் தெரிவு செய்யக்கூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை" என்றார் அந்த அம்மா. "அதுதான் பிழை விட்டது."

எல்லோரும் சிரித்தோம். "முழுதாகப் பொருத்தினால் எப்படி இருக்கும் என்று காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பின்னாலிருந்த பெட்டகத்தைத் திறந்து, கைபிடி வைத்த மாதிரியில் தான் முன்பு செய்த ஒரு துவக்கை எடுத்தார். ரவை இல்லாத வெறுமையானதுதான், சுடும் பூட்டைத் திறந்து காட்டியபடிதான் கொண்டு வந்தார்.

மேலே அந்தக் கைபிடி. முன்னால் முக்கோணமாக முள்.

அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, என் அடையாள அட்டை பச்சைத் துணிக்கு மேல் கிடந்தது. என் கைதான் வைத்திருக்கிறது. எப்போது சட்டைப்பைக்குள் போனது, எப்போது எடுத்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டு அட்டையை வாசித்தார். "ஓ, வாங்குவது நீங்களா? நான் மகள் என்று நினைத்தேன்."

"இல்லை, இல்லை. பழக்கம்" என்று சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, ஊரில் சோதனைச் சாவடியில் அந்தக் கைபிடி வைத்த துவக்குக்கு முன்னால் தினமும் நின்றிருக்கிறேன். யார் கையில் இருந்தது என்று எழுதப் போவதில்லை. மாறி மாறிப் பலர் கையில் பார்த்தாயிற்று. சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். அட்டையை முதலே எடுத்துக் கையில் பிடித்திருக்கவேண்டும். சட்டைப்பைக்குள் கை விட்டுத் தேடுகிறவனைக் கண்டால் அவர்களுக்குப் பயம், அவர்களைக் கண்டால் எங்களுக்குப் பயம். ஆகவே கையைப் பழக்கி வைத்திருந்தோம். என் கை அதை மறக்கவில்லை என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

மகள் என்னைப் பார்த்தாள். கைபிடி வைத்த கூட்டை மெதுவாக ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "தட்டையானதையே பொருத்துவோம்" என்று அந்த அம்மாவிடம் சொன்னாள்.

"ஏன் பிள்ளை?"

"அது பாரம் குறைவு."

"மூண்டு மாசமா மற்றதின்ர படத்தையெல்லோ போனில வைச்சுப் பாத்தனீ?"

"விடுங்கோ அப்பா."

இந்த 'விடுங்கோ அப்பா' எனக்குப் பழையது. ஒன்பது வயதில் எனக்கும் தாய்க்கும் மொழிபெயர்க்க அலுவலகங்களுக்கு வந்தவள் அவள். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கடற்கரைக்குச் சுற்றுலா போன கிழமை எங்களுக்கு வதிவிட அனுமதி பற்றி அலுவலகத்தில் நாள் குறித்துத் தந்த ஒரு டெர்மீன் இருந்தது. "விடுங்கோ அப்பா, எனக்குக் கடல் பிடிக்காது" என்றாள். கடலை அவள் அதுவரை கண்டதே இல்லை. எங்களுக்காக அவள் விட்டவற்றை நான் எண்ணத் தொடங்கினால் எழும்பமாட்டேன். இன்னும் ஒன்றையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு நான் எப்படிக் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது?

"நான் ஒருக்கால் பாக்கலாமோ?" என்று கேட்டேன்.

மகள் தயங்கினாள். அந்த அம்மா தயங்கவில்லை. துவக்கை மேசையோரம் இருந்த இடுக்கியில், தோல் வைத்து, சுவரைப் பார்க்கப் பூட்டினார். சுவரில் கறுப்பு வட்டம் போட்ட கடதாசி ஒன்று இருந்தது. "தொடத் தேவையில்லை. குனிந்து துளைக்குள்ளால் பாருங்கள்."

குனிந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு வட்ட வெளிச்சம், அதற்குள் ஒரு முள். சுவரில் இருந்த கறுப்பு வட்டம் ஊறிய கடதாசியில் மை பரவியது போல் கிடந்தது.

"வட்டம் சரியாகத் தெரியவில்லையே" என்றேன்.

"தெரியக்கூடாது. முள்ளை மட்டும் பாருங்கள். முள் கூர்மையாக இருந்தால் தூரத்தில் இருப்பது மங்கலாகத்தான் இருக்கும். முள்ளையும் வட்டத்தையும் கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்காது."

நான் அப்படியே குனிந்திருந்தேன். இத்தனை வருடமாக இந்தச் சாமானை முன்பக்கத்திலிருந்து மட்டுமே எனக்குத் தெரியும். பின்பக்கம் போய் நிற்பது இதுதான் முதல் தடவை. அன்று சாவடியில் எனக்கு முன்னால் துவக்கோடு நின்ற ஒரு பொடியனுக்கும் என் வயதுதான் இருந்திருக்கும். அவனுடைய முகத்தில் இருந்த பருக்கள்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவன் குறிபார்த்து நின்றபோது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது இந்த முள்தான். நான் மங்கலாகத்தான் தெரிந்திருப்பேன்.

நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. மகள் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"என்ன அப்பா? ஏலாதெண்டால் போவம்."

"இடுப்புத்தான். நீ உந்தக் கைபிடி வைச்சதை எடு."

"எனக்காகச் சொல்லவேண்டாம்."

"உனக்காகத்தான் சொல்லுறன். வேற ஆருக்காகச் சொல்லுறது? ஆனால் ஒரு கதை. துடைக்கிறதுக்கு வெளியில எடுத்தால் கெல்லர்ப் படியால ஏறமுந்திக் குரல் குடு."

"என்னெண்டு?"

"'அப்பா, நான்' எண்டு சொல்லு. காணும்."

அவள் தள்ளிவைத்த கூட்டைத் திரும்பவும் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, "படங்களைக் கனநாளாப் பாத்தனான். நீங்கள் எங்கயாவது கண்டிருப்பியளோ எண்டு கேக்க யோசிக்கேல்லை" என்றாள்.

"கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டன்."

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா என்ன பேசுகிறோம் என்று கேட்டார். "வீட்டுச் சட்டம் போடுகிறார்" என்றாள் மகள். "எங்கள் வீட்டில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்பது மட்டுந்தான் சட்டம். அதையே யாரும் கேட்பதில்லை" என்றார் அவர்.

அன்று வெறுங்கையோடுதான் திரும்பினோம். குறியை மட்டும் என்றால் கடையில் மூக்குக்கண்ணாடி வாங்குவது போல் வாங்கிக்கொண்டு வரலாம். மேற்கூடு சட்டத்தின் கண்ணில் துவக்குக்குச் சமம். அதற்கு அலுவலகத்தின் பதிவு வேண்டும். கைபிடி வைத்ததில் இரண்டும் ஒன்றாக இருந்தபடியால், கடிதம் வரும்வரை காத்திருந்தாள்.

இப்போது வியாழக்கிழமைகளில் அவள் சங்கத்தால் வந்து, கெல்லருக்குள் இருந்துகொண்டு துவக்கைத் துடைப்பாள். முடிந்ததும் கீழேயிருந்து குரல் வரும்: "அப்பா, நான்."

பெட்டகத்தைப் பூட்டிவிட்டு வெறுங்கையோடுதான் ஏறி வருவாள். அது எனக்குத் தெரியும். இருந்தும் படியில் கால் சத்தம் கேட்டதும் என் வலது கை நெஞ்சுக்கு ஏறிவிடும். வீட்டில் நான் பெனியனோடு இருக்கிறவன். பெனியனில் பை இல்லை. கை கொஞ்ச நேரம் அங்கே தடவிக்கொண்டு நிற்கும்.

கதை முழுவதையும் ஒருநாள் கேட்டுவிட்ட மனைவி அதைப் பார்க்காதது போல் உள்ளிப் பூண்டுத் தட்டை என் பக்கம் தள்ளுவாள். "கை சும்மாதானே இருக்கு. உதை உரியுங்கோ."

உரிப்பேன்.