ஏரிக்காய் பொரியல்

போன வாரம் பேரன் கூட்டிப்போன சென்னை ஓட்டலில், வெண்ணெயில் பிரட்டிய மட்டிச் சிப்பியைக் கொண்டுவந்து வைத்தான் சர்வர். "ஆழ்கடல் மட்டி சார்" என்றான், ஏதோ தானே மூச்சடக்கிக் குதித்து எடுத்தவன்போல. ஆவியோடு அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் சிரித்த சிரிப்பில் பேரன் பயந்துவிட்டான்.

வேறொன்றுமில்லை நண்பரே, எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் காய்!

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர். கோடையில் ஏரி வற்றினாலும் மதகோரத்து மடுவில் கழுத்தளவு தண்ணீர் நிற்கும். அதில் முங்கி மட்டி எடுத்துவருவாள், எங்கள் கழனியில் நடவு நடும் ரஞ்சிதம். வேகவைத்தால் ஓடு வாயைப் பிளக்கும். சதையை மணல் போக அலசி, சின்ன வெங்காயம், மிளகு, தேங்காய் போட்டு அம்மா வதக்கினால் தெருவே மணக்கும். அவித்த தண்ணீரில் ரசம். ஆனால் மட்டி தின்பது 'அவங்க' சமாச்சாரமாம், நமக்குக் கௌரவக் குறைச்சலாம். சனிக்கிழமை விரதம் வேறு. "வெட்னா ரத்தம் வருதா? அப்பறம் இன்னா, காய்தான்" என்று தீர்ப்புச் சொன்னார் நைனா. அன்றுமுதல் அது ஏரிக்காய். மட்டி என்ற சொல் என்னைத் திட்டுவதற்கு மட்டும் மிஞ்சியது.

அக்காவுக்கு வந்த வரனெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்த சமயம். சனிக்கிழமை கவிச்சியே தெரியாத வீடு என்று தரகர் அளந்துவிட்டதை நம்பித் தென்னேரிக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல், அதுவும் சனிக்கிழமை மத்தியானம். அடுப்பில் ஏரிக்காய். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. இதுவும் போயிற்று என்றே நினைத்தோம்.

"இன்னா வாசன?" என்று மூக்கை உறிஞ்சினாள் மாப்பிள்ளையின் அம்மா.

"ஏரிக்காய் பொரியலுங்க" என்றாள் அம்மா.

"கொஞ்சம் வையி, பாக்கலாம்."

நறுக்கென்று ஓட்டுத் துண்டு ஒன்று பல்லில் மாட்டியது. எங்களுக்கு உயிரே போய்விட்டது. அந்த அம்மாள் அதை நாசூக்காக எடுத்துத் தட்டோரம் வைத்தாள். "எங்க வூட்ல இத்த சேத்துக்கெழங்குன்னுவோம். இன்னும் கொஞ்சம் போடு."

கல்யாணம் நிச்சயமானது. அக்கா உள்ளே போய் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

அந்த நேரம் பார்த்து, காலையில் மட்டி கொண்டுவந்த சட்டியைத் திருப்பி வாங்கிப்போகக் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள் ரஞ்சிதம். சம்பந்தியம்மாள் மென்றுகொண்டே கேட்டாள்: "மட்டி துன்ற ஜனத்தையெல்லாம் கொல்ல வரிக்கும் வுட்றீங்களா?"

அம்மா குனிந்து அவள் தட்டில் இன்னொரு கரண்டி காய் போட்டாள்.

"நாங்க துன்னா மட்டிம்மா. நீங்க துன்னா காயி, கெழங்கு" என்றாள் ரஞ்சிதம். சட்டியோடு போனவள்தான். அதற்கப்புறம் எங்களுக்குக் காய் வரவே இல்லை.

ஓட்டலில் பேரன் மெதுவாகக் கேட்டான்: "தாத்தா, இன்னிக்கு சனிக்கிழமையாச்சே?"

"இது காய்டா" என்று சொல்லிவிட்டுத் தின்றேன்.

மடு தூர்ந்துவிட்டது. ரஞ்சிதமும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இது மட்டி என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்ல இப்போது ஆளில்லை.