கடையை மூடியது நான்தான்

நடந்ததை ஊருக்குச் சொல்வதுதான் நிருபர் வேலை என்பார்கள். இப்போதெல்லாம் ஊர் சொல்லித்தான் எனக்கே தெரிகிறது. கைப்பேசிக்காரர்களிடம் தினமும் தோற்கும் சக நிருபர்களே, கேளுங்கள்.

புகை அடங்கிய பிறகு

கேலாங்கில் ஒரு கிடங்கில் தீ என்றார்கள். ரயிலைப் பிடித்து, மூச்சிரைக்க ஓடினேன். வாசலில் செல்வம் நின்றிருந்தார். கிராஞ்சியில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில் தங்கி லாரி ஓட்டுபவர். ஃபேஸ்புக்கில் செய்திப் பக்கம் நடத்துகிறார். என்னைவிட அவருக்கு வாசகர்கள் அதிகம் என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

குறிப்பேட்டை எடுத்தேன். பரிதாபமாகப் பார்த்தார். "தீயணைப்பு வண்டியே திரும்பிப் போயிடுச்சுண்ணே. எல்லாம் என் பேஜ்ல இருக்கு, பாத்து எழுதிக்குங்க."

முதல் வெற்றி

இன்னொரு முறை பிந்தினால் எனக்கு மரண அறிவிப்புப் பக்கம்தான் என்று எங்கள் பத்திரிகை ஆசிரியர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், பேருந்தில் செல்வத்தின் பக்கத்தைத் திறந்தேன். தேக்காவில் நான் பல வருடமாகச் சாப்பிடும் காசிம் பாய் பிரியாணிக் கடையின் படம். ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மேலே, 'காசிம் பாய் கடை மூடியிருக்கு' என்று ஒரு வரி.

கடைக்கே மூடுவிழா என்று முடிவுகட்டினேன். இறங்குவதற்குள், கடைக்கு உருக்கமாக ஓர் இரங்கல் எழுதி அனுப்பிவிட்டேன். பாயை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குள் வேறு யாராவது முந்திவிட்டால்? செய்தி இணையத்தில் ஏறியதும் ஆசிரியர் அழைத்தார். "பரவால்லையே லா, இன்னிக்கு நாமதான் ஃபர்ஸ்ட்!"

தொப்பியோடு வந்தவர்

படம் எடுக்கக் கடைக்குப் போனேன். வாசலில் நாலைந்து பேர் சோகமாக நின்றார்கள். ஒருவர் பூங்கொத்தே கொண்டுவந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தொழுகைத் தொப்பியோடு காசிம் பாய் வந்து ஷட்டரைத் தூக்கினார். வெள்ளிதோறும் ஜும்மா தொழுகைக்குக் கடையை மூடுவார். எனக்குத் தெரியாததா?

அதற்குள் அடுத்த வாரக் கல்யாண பிரியாணி ஆர்டரை, என் செய்தியைப் படித்த பெண் வீட்டார் ரத்து செய்திருந்தார்கள். வெட்கத்தில் எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. பாய் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "தொழத்தானே போனேன் தம்பி, அதுக்குள்ள என்னை அனுப்பியே வச்சிட்டீங்களே!"

மறுப்பு

நாங்கள் வெளியிட்ட மறுப்பை ஒருவரும் படிக்கவில்லை. வேறு வழியில்லாமல் செல்வத்திடம் கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை வந்து, நான் பாய் கடையில் வாய் நிறைய பிரியாணியோடு மன்னிப்புக் கேட்பதைப் படம் பிடித்துப் போட்டார். சாயங்காலமே கல்யாண ஆர்டர் திரும்பி வந்தது.

நன்றி சொன்ன கையோடு நான் சும்மா இருந்திருக்கலாம். "நீங்களும் மூடியிருக்குன்னு மொட்டையாப் போட்டிருக்க வேணாம்" என்றேன். செல்வம் போனை நீட்டினார். "கீழயே போட்டிருந்தேனேண்ணே, ஜும்மாவுக்குப் போயிருக்காங்க, ரெண்டரைக்குத் திறப்பாங்கன்னு."

இப்போது நான் மரண அறிவிப்புப் பக்கத்தில் இருக்கிறேன். கடைசி வரி வரை படித்து, வீட்டுக்கு போன் போட்டு, ஆள் போனது உண்மைதானா என்று கேட்டுக்கொண்ட பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன்.