இட்டேரியில் கிடந்த முள்

நேற்றுச் சாயங்காலம் கம்பெனி முடிந்து வரும் வழியில் சைக்கிள் பஞ்சர். கடைக்காரர் டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். குமிழி எங்கே வருகிறது என்று நானும் குனிந்தேன். தண்ணீர் வெளிர் சிவப்பாக இருந்தது. "கெணத்துத் தண்ணி இப்ப இப்படித்தான் வருதுங்க. ஓட்டை தெரிஞ்சாப் போதாதுங்களா?" என்றார். போதும்தான். ஆனால் அவர் டியூபை உதறியபோது என் கையில் தெறித்த துளியில் பிளீச்சிங் பவுடர் வாசனை.

அது அப்பாவின் வாசனை. அப்பா திருப்பூரில் பனியன் துணி வெளுக்கும் பட்டறையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தார். விடிந்து வந்து அவர் சைக்கிளை நிறுத்தினால் அடுத்து அது என்னுடையது. சீட்டில் அவர் சூடு ஆறியிருக்காது. கைப்பிடியைப் பிடித்ததும் அந்த வாசனை என் உள்ளங்கைக்கு ஏறிவிடும். ஹைஸ்கூலில் பக்கத்துப் பெண் மூக்கைச் சுளிப்பாள். நான் கையை மறைத்ததில்லை. எங்கள் வீட்டில் ரேகை வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் கை அது. வாசனை அடித்தால் அடிக்கட்டுமே.

அரைப்பெடல் பழகிய நாட்களில் இந்தத் திமிர் கிடையாது. பாவாடை செயினில் மாட்டி, சப்பாத்திக்கள்ளிப் புதரில் உட்கார்ந்த மாதிரியே விழுந்தேன். எங்கெல்லாம் குத்தியது என்று உங்களிடம் சொல்வதற்கில்லை. அம்மா ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கிக்கொண்டே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தது அதோடு சரி.

எங்கள் சனம் குடியிருக்கும் வளவிலிருந்து தார்ரோட்டுக்கு இட்டேரி ஒன்றுதான் வழி. இரண்டு பக்கமும் தோட்டத்து வேலி, நடுவே வண்டித்தடம். வேலி என்றால் கிளுவையும் கள்ளியும், அவற்றின் மேல் கோவைக்கொடியும் பிரண்டையும். சைக்கிளுக்கு ஒரு சாண் தடம் இருந்தால் போதும். ஒரு கிளையைக்கூட வெட்டச் சொல்லாது. சத்தமும் இல்லாததால் கௌதாரிகள் எங்களுக்குப் பயப்படாது. குஞ்சுகள் தடத்தைத் தாண்டி முடிக்கும்வரை ஒரு காலை ஊன்றிக் காத்திருந்துவிட்டு, வகுப்பில் பெஞ்சுமேல் நின்றிருக்கிறேன்.

பாதி வழியில் தோட்டத்துக்காரர் வீடு. அவர் நிலத்தில்தான் அம்மா களை வெட்டினாள். அந்த வீட்டைத் தாண்டும்போது எங்கள் வளவு ஆண்கள் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். அப்பாவும் இறங்குவார். நான் இறங்கவில்லை. மணி வேறு அடித்தேன்.

இட்டேரி முடிகிற பாலத்தில் தோட்டத்துக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் காலையில் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் கேலிதான். "கலெக்டரம்மா வர்றாங்க, வழி உடப்பா." ஒருநாள் கேலி நின்றுவிட்டது. நான் நெருங்கியதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தார்கள். கேலி செய்தபோது வராத பயம் அன்றைக்கு வந்தது.

அதன் பிறகுதான் முள். வேலங்கிளையை வெட்டித் தடத்தின் குறுக்கே போட்டு, மேலே புழுதி தூவியிருந்தது. பஞ்சர் ஒட்டிய மறுநாளே இன்னொரு பஞ்சர். தூக்கம் கெட்ட கண்ணோடு அப்பா சொன்னார்: "இன்னொருக்கா ஆச்சுன்னா, நான் வேலைக்குப் போக வண்டி இருக்காது கண்ணு." மீதி எனக்கே தெரியும். வண்டி இல்லையென்றால் எனக்கு ஹைஸ்கூல் இல்லை. ஹைஸ்கூல் இல்லையென்றால் தை மாதம் கல்யாணம்.

ஆனால் அதே தடத்தில்தானே அப்பா வருகிறார்? அவர் வரும்போது முள் இருப்பதில்லை. அவர் வந்த பின்னும் நான் கிளம்பும் முன்னும் போடுகிறார்கள். கையும் முள்ளுமாகப் பாலத்து ஆட்களைப் பிடித்துவிடுவது என்று, ஒருநாள் அப்பா வந்து இறங்கிய உடனே, சோறுகூடத் தின்னாமல் கிளம்பினேன். முதல் வளைவில் ஓர் ஆள் குனிந்து முள்ளைப் பரப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அம்மா. களைக்குப் போகிறேன் என்று முன்னால் கிளம்பிப் போனவள்.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு நின்றேன். அவள் நிமிரவே இல்லை. குனிந்தபடியே சொன்னாள். தோட்டத்துக்காரர் வரப்பில் வந்து நின்று, மெதுவாக, பிரியமாகக்கூட, கேட்டாராம்: "உன்ற புள்ளைக்குக் காலு ரெண்டும் நல்லாத்தான இருக்குது? அப்படியே இருக்கோணுமல்லோ." இதை அப்பாவிடம் சொன்னால் அவர் நேரே அந்த வீட்டுக்குப் போவார், போனால் திரும்பி வருவாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"முள்ளு டயரத்தான் கண்ணு குத்தும்," என்றாள். "அவிய செஞ்சா உன்ற மேல செய்வாங்க."

"எறங்கித் தள்ளிட்டுப் போனா உட்ருவாங்களாம்மா?"

"இன்னைக்கு உடுவாங்க."

நாளைக்கு வேறொன்று கேட்பார்கள் என்பதை அவளே சொல்லிவிட்டது போல் இருந்தது. நான் இறங்க மாட்டேன் என்றேன். அம்மா அரிவாள் நுனியால் முள்ளைக் கொத்தோடு தூக்கி வேலிக்குள் எறிந்தாள். அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அவள் நடைக்கு ஈடாக நான் மெதுவாக மிதித்தேன். தோட்டத்துக்காரர் வாசலில் நின்றிருந்தார். நாங்கள் நிற்கவில்லை.

பாலத்தில் ஒருவன், "ஏனாத்தா, அருவா எதுக்கு?" என்றான்.

"வழியில முள்ளு கெடக்குதுங்க. அதுக்குத்தானுங்க." அம்மா மரியாதை குறையாமல்தான் சொன்னாள்.

நான் படித்து முடிக்கும்வரை காலையில் அப்படித்தான் நடந்தாள். களை வேலை போயிற்று. தூரத்துத் தோட்டங்களில் வேலை தேடிக்கொண்டாள். அந்த வீட்டின் முன் அப்பாவும் இறங்குவதை நிறுத்தினார். பிறகு மற்ற ஆண்கள். பிறகு வளவுப் பெண்கள் வரிசையாகச் சைக்கிளில் போனோம், மணியடித்துக்கொண்டு.

இப்போது அந்த இட்டேரி இல்லை. தோட்டத்துக்காரர் மகன் அங்கே சாயப்பட்டறை போட்டிருக்கிறார். லாரி போக வர, இருபக்க வேலியையும் வேரோடு பிடுங்கித் தடத்தை நேராக்கிவிட்டார்கள். கௌதாரி எங்கே போயிற்றோ. ஒதுங்குவதற்கு ஓரமே இல்லாத ரோட்டில் பெண்களைச் சைக்கிளில் அனுப்ப யாருக்கும் துணிவில்லை. வளவில் இன்னும் மிதிப்பது நான் ஒருத்திதான்.

நான் கிளம்பும்போது அம்மா வாசலுக்கு வந்து நிற்கிறாள். அரிவாள் கூரை எரவாணத்தில் செருகியபடி இருக்கிறது. பாலத்தில் இப்போது யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டதும் அவள் என் சக்கரத்தைப் பார்க்கிறாள்.